பின்கட்டில் ஒரு பி.எச்.சி. டின்: 40 வருஷத்தில் வீரியம் போயிருக்குமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பெரிய வீடு இருக்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். மாசியில் முன்னோருக்குச் செய்யும் படைப்பு வருகிறதென்று வீட்டைத் திறந்து ஒதுங்கவைத்துக் கொண்டிருக்கிறோம். இரண்டாம் கட்டில் சாமான் அறை மூலையில் துருப்பிடித்த பெரிய தகர டின் ஒன்று கிடைத்தது. முக்கால்வாசி சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி, மக்கிய வாடை. லேபிளில் ‘பி.எச்.சி. 10%’ என்பது மட்டும் தெரிகிறது. எங்கள் ஐயா காலத்தில் வயலுக்கும் கரையானுக்குமாக வாங்கி வைத்த பூச்சி மருந்து என்கிறார்கள். பித்தளை அண்டா, தவலை, எனாமல் அடுக்கு, ஓலைக் கொட்டான், இரண்டு மூட்டை பழைய அரிசி எல்லாவற்றின் மேலும் அந்தப் பொடி படிந்திருக்கிறது. வேலைக்கு வந்த பெண்ணும் நானும் விளக்குமாற்றால் பெருக்கினோம். அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் தலைவலி. பங்காளிகளில் ஒருவர், “40 வருஷம் ஆச்சு, வீரியம் போயிருக்கும்” என்கிறார். இன்னொருவர், “பழைய மருந்துதான் உசத்தி, மேல்மாடி உத்தரத்தில் கரையான் ஏறுகிறது, அங்கே தூவிவிடலாம்” என்கிறார். மிச்சத்தை எரித்துவிடலாமா, ஊருணிக்கரையில் புதைத்துவிடலாமா என்றும் பேச்சு. என் மகள் ஆறு மாதக் கைக்குழந்தையோடு வருகிறாள். நாங்கள் என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். அந்த அறையை இன்றே பூட்டுங்கள். விளக்குமாறு இனி அங்கே வேண்டாம். பொடியை எரிக்க வேண்டாம், புதைக்க வேண்டாம், உத்தரத்தில் ஒரு சிட்டிகைகூடத் தூவ வேண்டாம். மகளும் பேரப்பிள்ளையும் வந்து சேர்வதற்குள் துடைக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டாம் கட்டின் அந்தப் பக்கத்தைப் பூட்டியே வைத்துவிட்டுப் படைப்பை நடத்துங்கள். உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வந்த தலைவலி ஒரு ராத்திரியோடு போயிருந்தால் அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

பூச்சிக்கொல்லி எச்சங்களைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பொடியோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. உங்கள் பங்காளிகள் இரண்டு பேர் சொன்னதில், வீரியம் போயிருக்கும் என்பது தவறு. இன்னும் வேலை செய்யும் என்று மற்றவர் நினைப்பது சரி. ஆனால் அதைத் தூவக்கூடாது என்பதற்கே அதுதான் காரணம்.

பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) என்பது பென்சீனோடு குளோரினைச் சேர்த்துச் செய்வது. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஆறு குளோரின் இருக்கும். 1825லேயே மைக்கேல் ஃபாரடே இதைத் தயாரித்துவிட்டார். பூச்சியைக் கொல்லும் என்பது தெரிய வந்தது 1940களில்தான். நம் நாட்டில் 1952ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் இதன் உற்பத்தி தொடங்கியது. விலை மலிவு, தூவுவது சுலபம். நெல்லில் கதிர்நாவாய்ப் பூச்சிக்கு, வீட்டில் எறும்புக்கு, கரையானுக்கு, மூட்டைப்பூச்சிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பொடி. கமாக்சின் என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் வேளாண்மைத் துறையே பரிந்துரைத்த மருந்துதான். ஆகவே ஐயா அதை வாங்கி வைத்ததில் குற்றம் ஒன்றும் இல்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டின்னில் இருப்பது ஒரே பொருள் இல்லை. அதே ஆறு குளோரின் வேறு வேறு விதமாக அமைந்த பல வகைகளின் கலவை. 60 முதல் 70 சதவீதம் ஆல்ஃபா, 5 முதல் 12 சதவீதம் பீட்டா, 10 முதல் 15 சதவீதம் காமா, மீதி சில்லறை. பூச்சியைக் கொல்வது காமாதான். அதை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் லிண்டேன். சிரங்குக்கும் பேனுக்கும் மருந்துக்கடையில் விற்ற லோஷனில் இருந்ததும் அதுவே. அதாவது, பூச்சியைக் கொல்லும் அந்தச் சிறு பங்குக்காக, பூச்சிக்கு அவ்வளவாக உதவாத மற்ற வகைகளையும் சேர்த்து நம் வயல்களில் பல வருஷங்கள் கொட்டியிருக்கிறோம். அப்படிக் கொட்டியதில் பீட்டா என்னும் வகைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. அதில் ஆறு குளோரினும் வெளிப்பக்கமாக விரிந்து உட்கார்ந்திருப்பதால் மூலக்கூறு அசைந்துகொடுக்காது. காரம் பட்டாலும், கிருமிகள் தின்னப் பார்த்தாலும், நம் கல்லீரல் உடைக்கப் பார்த்தாலும் சுலபத்தில் உடையாது.

உங்கள் டின்னுக்கு 40 வயது என்கிறீர்கள். பி.எச்.சி. சிதைய வேண்டுமானால் மண்ணின் நுண்ணுயிர்கள் வேண்டும், அல்லது வெயில், ஈரம், காரம் வேண்டும். தேக்கு மரக் கதவு போட்டு, ஜன்னல் சாத்தி, வருஷக்கணக்கில் திறக்காத அறைக்குள் மூடிய டின்னில் இது எதுவும் இல்லை. கொஞ்சம் ஆவியாகியிருக்கும், அறை வாடைக்கு அதுவும் ஒரு காரணம். மற்றபடி வாங்கி வைத்த நாளில் இருந்ததில் பெரும்பகுதி அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நாம் முடிவெடுக்க வேண்டும். வாடையை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். மக்கிய வாடை வருவது பெரும்பாலும் கலப்படப் பொருட்களால். சுத்தமான லிண்டேனுக்கு வாடையே கிடையாது என்று சொல்லலாம்.

உடம்புக்கு வருவோம். கணக்கு எளிது. 100 கிராம் பொடியில் 10 கிராம் மருந்து, அதில் காமா 1 முதல் 1.5 கிராம். மீதி 90 கிராம் வெறும் கல்மாவு. பெருக்கும்போது மூக்கில் ஏறியது பெரும்பாலும் இந்தக் கல்மாவுதான். அதனால் உங்களுக்கு வந்த தலைவலி தூசியாலும் இருக்கலாம், மருந்தாலும் இருக்கலாம். எதுவானாலும் ஒரு நாளில் சரியாகிவிட்டதென்றால் ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. அன்று உடுத்தியிருந்த துணியை மட்டும் மற்ற துணியோடு சேர்க்காமல் சோப்புத் தூள் போட்டுத் தனியாகத் துவைத்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் துணியையும் அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் இங்கேயே துவைக்கச் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கலாம்.

அளவு அதிகமானால் கதை வேறு. மூளையில் நரம்புகள் ஓயாமல் துடிக்காமல் அடக்கி வைக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது, காபா என்று பெயர். லிண்டேன் அதைத் தடுத்துவிடும். குமட்டல், வாந்தி, தலைசுற்றல், கை நடுக்கம், அப்புறம் வலிப்பு. குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிடச் சீக்கிரம் வரும். தோல் வழியாகவும் உள்ளே போகும். சிரங்குக்கு லோஷனை அளவுக்கு மேல் தடவிய குழந்தைகளுக்கே வலிப்பு வந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003ல் அந்த லோஷன் பாட்டிலின் மேலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது. பிஞ்சுக் குழந்தை ஒரு பிடி பொடியை வாயில் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அப்படி ஏதாவது நடந்துவிட்டால் நம் வீடுகளில் கை தானாகப் போவது பாலுக்கும் விளக்கெண்ணெய்க்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலும் எண்ணெயும் நெய்யும் அதைக் குடலிலிருந்து இன்னும் வேகமாக ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள், நடுவில் வலிப்பு வந்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் “பூச்சி மருந்து” என்று மட்டும் சொல்லாமல் “பி.எச்.சி., குளோரின் வகை” என்று சொல்லி, லேபிளைப் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். நம் பக்கம் வருகிற விஷ நோயாளிகளில் பலர் பாஸ்பரஸ் வகை மருந்து குடித்தவர்கள். அதற்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு. குளோரின் வகைக்கு அப்படித் தனி மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைக் காப்பாற்றித்தான் ஆளை மீட்பார்கள். அதனால் எது என்று சொல்வது மிக முக்கியம்.

இது உடனடி ஆபத்து. மெதுவாக வரும் ஆபத்து வேறு. காமா சில நாட்களில் பெரும்பாலும் உடம்பை விட்டுப் போய்விடும். பீட்டா கொழுப்பில் தங்கிவிடும், பாதியாகக் குறையவே சுமார் 7 வருஷம் ஆகும். வைக்கோலில் பட்டால் மாட்டுக்குப் போகும், மாட்டிடமிருந்து பாலுக்கு, பாலிலிருந்து நமக்கு, தாயிடமிருந்து தாய்ப்பாலுக்கு. தூவிய வயலிலிருந்து வெகுதூரம் தள்ளி வாழ்கிறவர்களின் உடம்பிலும் இது இருப்பது தெரிந்த பிறகுதான் உலகம் விழித்தது. இந்தியா 1997ல் பி.எச்.சி.யைத் தடை செய்தது. லிண்டேன் உற்பத்தி 2011லும் பயன்பாடு 2013லும் நின்றன. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் அழிக்கப்பட வேண்டிய ரசாயனங்கள் பட்டியலில் ஆல்ஃபா, பீட்டா, லிண்டேன் மூன்றும் 2009ல் சேர்ந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ல் லிண்டேனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் ஒன்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. அது பண்ணைகளில் வருஷக்கணக்கில் இதைக் கையாண்டவர்களிடம் கண்டது. ஒரு நாள் அறை பெருக்கிய உங்களோடு அதை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினால் முதலில் தாய்ப்பாலைப் பற்றித்தான் கேட்பார். தாய்ப்பால் கொடுப்பதை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் அந்த அறைக்குள் போக வேண்டாம், துடைக்கிற வேலையில் கை வைக்க வேண்டாம், குழந்தையை இரண்டாம் கட்டுத் தரையில் தவழவிட வேண்டாம். முகப்பிலும் முற்றத்தைச் சுற்றிய வளவிலும் பொடி போகாமல் இருந்தால் அங்கே தாராளமாக இருக்கலாம். நீங்கள் பெருக்கியபோது நடந்து வந்த வழி எதுவோ, அந்தத் தரையை மட்டும் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல்லானாலும் சோப்புத் தண்ணீர் போதும்.

இனி அறையைச் சுத்தம் செய்வது. இதை வீட்டில் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். செய்பவர் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, என்-95 முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வது போதாது. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதலில் டின்னை அசைக்காமல் அப்படியே கனமான பாலிதீன் பைக்குள் இறக்கிக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்முக்குள் வையுங்கள். துரு ஏறிய தகரம் தூக்கும்போது அடி கழன்றுவிடும், அதனால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தரையில் கிடக்கும் பொடி மேல் நனைத்த மரத்தூளைப் போட்டு ஒட்டவைத்து, தகட்டால் வழித்து எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் பிழிந்த பழந்துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துடைத்த துணி, மரத்தூள், கையுறை எல்லாம் அதே டிரம்முக்குள். வேலை முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு. நடுவில் வெற்றிலை, பீடி எதுவும் கூடாது.

பாத்திரங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் பிழைக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளக்கும், ஆனால் மருந்து போகாது. புளி களிம்பை எடுக்கும், கொழுப்பில் கரைகிற பொருளைச் சோப்புதான் எடுக்கும். முதலில் ஈரத்துணியால் பொடியைத் துடைத்துத் துணியை டிரம்மில் போடுங்கள். அப்புறம் வெந்நீரும் சோப்புத் தூளுமாக மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். அதற்குப் பிறகு புளி. முற்றத்தில் வைத்துக் கழுவாதீர்கள். நம் வீடுகளின் முற்றத்துத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய டப் வைத்து, முதல் இரண்டு கழுவல் தண்ணீரை அதில் பிடித்து, மரத்தூளில் ஊறவைத்து டிரம்மில் சேருங்கள். எனாமல் அடுக்கில் பூச்சு உரியாதவற்றை இதே மாதிரி கழுவிக்கொள்ளலாம். உரிந்து இரும்பு தெரிகிறவற்றைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

மனசுக்குக் கஷ்டமானது கொட்டான்கள்தான். அப்பத்தாக்கள் கையால் முடைந்தது என்றால் தூக்கிப் போட மனம் வராது. ஓலையும் மூங்கிலும் மரமும் மருந்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், கழுவி எடுக்க முடியாது. அவற்றில் இனி அரிசியோ பலகாரமோ வைக்கக்கூடாது, படைப்புக்கும் எடுக்கக்கூடாது. ஒன்றிரண்டை ஞாபகத்துக்கு வைக்க விரும்பினால் ஈரத்துணியால் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வையுங்கள். முறம், மரப்படி இவற்றுக்கும் இதே பேச்சு. ஓலைப் பெட்டிக்குள் துணிமணி இருந்து அதிலும் பொடி பட்டிருந்தால், துவைக்கக்கூடிய துணியைத் தனியாக வெந்நீரில் இரண்டு முறை துவைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு மூட்டை அரிசியைக் கோழிக்கோ மாட்டுக்கோ காக்காய்க்கோ போட்டுவிடாதீர்கள். “நாம் சாப்பிடவில்லை, ஜீவன்களாவது சாப்பிடட்டும்” என்று நல்ல மனசோடு செய்கிற காரியம் முட்டையாகவும் பாலாகவும் நம் வீட்டுக்கே திரும்பும். மூட்டையோடு கட்டி டிரம்முக்குப் பக்கத்தில் வையுங்கள்.

எரிப்பதும் புதைப்பதும் ஏன் கூடாது? குளோரின் நிறைந்த பொருளைக் கொல்லையில் விறகு போட்டு எரித்தால் அது முழுசாக எரியாது. அமிலப் புகையும், அதைவிட மோசமாக டயாக்சின் என்னும் நஞ்சும் வரும். இதை ஒழுங்காக அழிக்க 1100 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரியும் உலை வேண்டும். புதைத்தால் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், மழைக்கு அரித்துக்கொண்டு போகும். அதுவும் ஊருணிக்கரையில்! மழையை மட்டுமே நம்பி, மண்ணின் சரிவு பார்த்து, தெருவுக்குத் தெரு வாய்க்கால் விட்டு ஊருணியில் தண்ணீர் சேர்த்த ஊர்கள் நம்முடையவை. அந்தக் கரையில் இதைக் குழி தோண்டி வைக்க நினைப்பதே எனக்கு வலிக்கிறது. யார் அந்த யோசனையைச் சொன்னாரோ அவரிடம் இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். சுண்ணாம்பு கலந்தால் முறிந்துவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். காமா ஓரளவு முறியும். வருவது டிரைகுளோரோபென்சீன், அதுவும் நஞ்சு. பீட்டா அப்படியே நிற்கும்.

டிரம்மை என்ன செய்வது? மேலே தமிழில் பெரிதாக “விஷம், பி.எச்.சி., திறக்காதே” என்று எழுதி, சமையல்கட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மழைத்தண்ணீர் புகாத அறையில் பூட்டி வையுங்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்து மூலமாகத் தெரிவித்து, அங்கீகாரம் பெற்ற அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வழி கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. தடை செய்த மருந்து வீட்டில் இருந்ததைச் சொல்லத் தயங்க வேண்டாம். பதில் வரத் தாமதமாகலாம், படைப்புக்குள் நடக்காமலும் போகலாம். மூடிய டிரம் பூட்டிய அறையில் இன்னும் சில மாதம் இருப்பதால் ஒன்றும் ஆகாது. அவசரத்தில் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால்தான் ஆபத்து.

மேல்மாடி உத்தரத்துக் கரையான் பற்றி. பர்மாத் தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் சுலபத்தில் தொடாது. அங்கே மண்பாதை ஏறுகிறதென்றால் பக்கத்தில் பின்னால் சேர்த்த மட்டமான மரச்சட்டம் இருக்கும், அல்லது ஓடு விலகி மழை ஒழுகி மரம் ஈரம் பிடித்திருக்கும். முதலில் ஒழுகலை அடையுங்கள், மட்டமான சட்டத்தை மாற்றுங்கள், மண்பாதையைச் சுரண்டிவிட்டு மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உரிமம் பெற்ற ஆட்களைக் கூப்பிடுங்கள். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் போன்ற மருந்துகளை மண்ணில் துளையிட்டுச் செலுத்துவார்கள். அவையும் நஞ்சுதான், ஆகவே கிணறு எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே காட்டிவிடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். உத்தரத்தில் பி.எச்.சி. தூவினால் அது அங்கேயே இருக்காது. காற்றடிக்கும்போதெல்லாம் வளவில் படுத்திருப்பவர்கள் மேல் இறங்கும், வருஷக்கணக்கில் இறங்கும்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டில் மற்றப் புள்ளிகளின் (பங்காளிக் குடும்பங்களின்) அறைகளும் பூட்டித்தான் கிடக்கும். ஒரே காலத்தில் ஒரே கடையில் வாங்கியிருந்தால் அங்கேயும் இப்படி ஒரு டின், ஒரு காகிதப் பொட்டலம், கையால் சுற்றித் தூவும் மருந்துக் கருவி இருக்கலாம். படைப்புக்குப் பங்காளிகள் வந்து அவரவர் அறையைத் திறந்து பெருக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், சாவி வைத்திருப்பவர்களுக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். லேபிள் போன டின் கிடைத்தால் முகர்ந்தோ விரலில் எடுத்தோ பார்க்க வேண்டாம், பி.எச்.சி.யாக நினைத்தே கட்டி வையுங்கள். ஆல்ட்ரின், டி.டி.டி. என்று வேறு பழைய பூச்சி மருந்து எதுவாக இருந்தாலும் எடுக்கும் முறை இதேதான்.